எல்லாத்துக்கும் பேரு மூலம்

டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற பழக்கம் இருக்கிறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க. இன்னொண்ணு, நான் டாக்டர் இல்லை. பட்டவன், பக்கத்துல நின்னு பார்த்தவன், அவ்வளவுதான்.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒதுங்கினீங்கன்னா சுவத்துல அந்த நோட்டீஸ் கண்ணுல படாம போகாது. 'மூலம், பவுத்திரம், விரைவீக்கம். ஆபரேஷன் இல்லை, வலி இல்லை.' கீழ ஒரு போன் நம்பர். காஞ்சிபுரம்னு இல்லை, தமிழ்நாட்டுல எந்த பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் இதே நோட்டீஸ்தான். முட்டி வலிக்கும் கண்புரைக்கும் மெயின் ரோட்டுல பெரிய பெரிய போர்டு வைக்கிறாங்க. இது ஒண்ணு மட்டும் மூத்திரச் சந்துல. ஒரு வியாதியைப் பத்தின பேச்சு அங்க மட்டும்தான் நடக்குதுன்னா, அதுக்கு வைத்தியமும் அந்த லட்சணத்துலதான் கிடைக்கும்.

நான் சொல்ல வர்றது சின்ன விஷயம். பின்பக்கம் என்ன வந்தாலும், வலியோ ரத்தமோ கட்டியோ, அதுக்கு 'மூலம்'னு ஒரே பேரை வெச்சுட்டு நாமளே மருந்து வாங்கிக்கிறோம் பாருங்க, அதை நிறுத்தணும். அந்த ஒரு வார்த்தை எங்க பெரியப்பாவோட பதினாலு மாசத்தைத் தின்னுடுச்சு. அவர் கதைக்கு வர்றேன். முதல்ல என் கதை, அதுதான் சின்னது.

எனக்கு வேலை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில, கணக்குப் பிரிவு. காலையில கம்பெனி பஸ், அப்புறம் நாற்காலி, சாயங்காலம் திரும்ப பஸ். தண்ணி குடிக்கிறது மதியச் சாப்பாட்டோட ஒரு டம்ளர். ஒரு நாள் காலையில கக்கூஸ்ல கண்ணாடித் துண்டு போட்டுக் கிழிச்ச மாதிரி ஒரு வலி. வெளியில வந்த அப்புறமும் ரெண்டு மூணு மணி நேரம் விண்விண்ணுன்னு. பேப்பர்ல செவப்பா ஒரு கோடு ரத்தம். கம்பெனி பஸ்ல ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

அம்மா கேட்டதும் சொன்னாங்க, 'சூடுடா, மூலச்சூடு.' தொப்புள்ல வெளக்கெண்ணெய், ராத்திரி ஊறவெச்ச வெந்தயம், மோர். நம்ம ஊர்ல சூடுங்கிற வார்த்தைக்கு அடங்காத வியாதி எதுவும் இல்லையே. மெடிக்கல் ஷாப்ல 'பைல்ஸ் ஆயின்மென்ட்'னு குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் என்னை விட தாழ்த்தி ஒரு டியூப்பை நியூஸ்பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். ஏதோ கஞ்சா கைமாறுற மாதிரி.

மூணு வாரம் கழிச்சு தாங்க முடியாம ஒரு சர்ஜன்கிட்ட போனேன். ரெண்டு நிமிஷம் பார்த்தார். 'இது மூலமே இல்ல சார், வெடிப்பு'ன்னார். உதட்டுல பனிக்காலத்துல வெடிக்குதே, அது மாதிரி ஆசனவாய்த் தோல்ல ஒரு கிழிசல். ஃபிஷர்ங்கிறாங்க. இறுகிப்போன மலம் கிழிச்சுடுது. கிழிஞ்ச வலியில அங்க இருக்கிற தசை இறுக்கிப் பிடிச்சுக்குது. இறுக்கினா அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையுது, குறைஞ்சா புண் ஆறாது. வலிக்குப் பயந்து நாம கக்கூஸ் போறதைத் தள்ளிப் போடறோம், அது இன்னும் இறுகுது, மறுநாள் திரும்பக் கிழிக்குது. மூணு வாரமா நான் இந்த ராட்டினத்துலதான் சுத்திக்கிட்டு இருந்திருக்கேன், கையில தப்பான டியூப்போட.

அவர்கிட்ட கத்துக்கிட்ட ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஆசனவாய்க்குள்ள ஏறக்குறைய ரெண்டு சென்டிமீட்டர் உயரத்துல ஒரு எல்லைக்கோடு இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிறது விரல் நுனி மாதிரி, ஊசி பட்டாக்கூட சுருக்குங்கும். மேல இருக்கிற பகுதிக்கு அந்த மாதிரி வலி தெரியாது. உள்மூலம் அந்தக் கோட்டுக்கு மேல வர்றது. அதனால வெறும் உள்மூலம் பொதுவா வலிக்காது! போய் முடிச்ச அப்புறம் சொட்டுச் சொட்டா ரத்தம் வரும், சில சமயம் சதை வெளியில தள்ளும், வலி இருக்காது. நாம 'வலிக்குது, அதனால மூலம்'ங்கிறோம். பாதிக்குப் பாதி தலைகீழ் கணக்கு.

வெளிமூலம் வலிக்கும், அதுவும் அதுக்குள்ள ரத்தம் உறைஞ்சுட்டா. ராத்திரி நல்லாத் தூங்கி எழுந்தா காலையில நீலமா திராட்சை சைஸுல ஒரு கட்டி, உட்கார முடியாது. முதல் மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்ட போனா சின்னதா கீறி எடுத்துட முடியும், உடனே நிம்மதி. அதுக்கு அப்புறம் வலி தானாவே இறங்க ஆரம்பிச்சுடும், அதனால பெரும்பாலும் விட்டுடறாங்க. அடுத்தது சீழ்க்கட்டி. இது ராத்திரி பகல் பார்க்காம துடிக்கும், ஜுரம் வரும், தொட்டா கொதிக்கும். இதுல ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் முழுங்கிட்டு உட்காரக் கூடாது, சீழை வெளியில எடுத்தே ஆகணும். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு இது ஒரே நாள்ல பரவி உயிருக்கே உலை வைக்கும், காலை வரைக்கும்கூட காத்திருக்கக் கூடாது. இப்படி வந்த சீழ் ஆறாம தோலுக்கு ஒரு வழி பண்ணிக்கிட்டு கசிஞ்சுக்கிட்டே இருந்தா, அதுதான் பவுத்திரம். நம்ம நாட்டுல சில பேருக்கு அதுக்குப் பின்னாடி டி.பி.யும் இருக்கும்.

இதெல்லாம் இல்லாம, நடு ராத்திரியில உள்ள கத்தியால குத்தின மாதிரி வலி வந்து சில நிமிஷத்துல காணாமப் போற ஒரு சமாச்சாரமும் இருக்கு. தசைப்பிடிப்புதான், பயப்பட ஒண்ணுமில்லை. உட்காரும்போது மட்டும் நடு எலும்போட நுனி வலிச்சா அது வால் எலும்பு வலி, ஆசனவாய்க்கே சம்பந்தம் இல்லாதது.

இத்தனைக்கும் சேர்த்து எங்ககிட்ட ஒரே பேரு.

இப்ப பெரியப்பா. பிள்ளையார்பாளையத்துல அவர் வீடு, வீட்டுக்குள்ளயே தறி. குழித்தறி தெரியாதவங்களுக்கு: தரையில ஒரு குழி, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிக்கணும், உட்கார்றது குழியோட விளிம்புல ஒரு பலகை மேல. அவர் போட்டது கோர்வைச் சேலை. உடல் ஒரு கலர், கரை வேற கலர். அதுக்கு மூணு நாடா ஓடணும், அதனால தறியில ரெண்டு பேர் வேணும். பெரியம்மாதான் பக்கத்துல உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவாங்க. இதுல ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர் வேலையும் நின்னுடும். கூலி சேலைக்கு இவ்வளவுன்னுதான், மணிக்கணக்கு கிடையாது. அதனால என்ன பண்ணுவாங்கன்னா, எழுந்திருக்காம இருக்கிறதுக்காகத் தண்ணி குடிக்க மாட்டாங்க. வெளிக்கி வந்தாலும், 'இந்த ஒரு பூவை முடிச்சுட்டுப் போலாம்'னு அடக்குவாங்க. உட்கார்ந்து பண்ற வேலைதான் மூலத்துக்குக் காரணம்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு என்னமோ பலகை மேல அவ்வளவு சந்தேகம் இல்லை. குடிக்காத தண்ணி மேலயும், அடக்கி வெச்ச அவசரத்து மேலயும், முக்குற முக்கல் மேலயும்தான் சந்தேகம். டாக்டர்களும் அதைத்தான் முதல்ல கேக்கறாங்க.

காஞ்சிப் பட்டுக்கு 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஊரே கொண்டாடுச்சு. நெய்யறவன் ஒரு டம்ளர் தண்ணிக்கு எழுந்திருக்க யோசிக்கிற கணக்கு அதனால ஒண்ணும் மாறலை. சரி, அது தனிப் பதிவு.

பெரியப்பாவுக்கு அப்ப வயசு 58. ரத்தம் போக ஆரம்பிச்சுது. வலி கிடையாது. யார்கிட்டயும் சொல்லலை. பெரியம்மாவுக்கே வேட்டி துவைக்கும்போதுதான் தெரிஞ்சுது. நாட்டு மருந்துக் கடையில கருணைக்கிழங்கு லேகியம் வாங்கிச் சாப்பிட்டார். துத்திக்கீரை சாப்பிட்டார். கொஞ்ச நாள் நின்ன மாதிரி இருக்கும், திரும்ப வரும். அப்புறம் ஒரு நோட்டீஸைப் பார்த்து ஒரு இடத்துக்குப் போனார் (பேரு வேண்டாம், எந்த ஊர்னும் வேண்டாம்). அங்க இருந்த ஆள் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, உள்ள விரல் வெச்சுக்கூடப் பார்க்காம, 'மூணாம் ஸ்டேஜ் மூலம்'னு சொல்லி வாரம் ஒரு ஊசி போட்டார். ஆறு ஊசி. ரசீது கிடையாது.

நடுவுல எனக்கு விஷயம் தெரிஞ்சு, 'பெரியப்பா, ஒரு சர்ஜன்கிட்ட காட்டிடலாம்'னு கூப்பிட்டேன்.

'இன்னாத்துக்குபா? மூலம்தானே. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு. இதைப் போயி எவன்கிட்ட அவுத்துக் காட்டறது?'

நானும் விட்டுட்டேன். ஒரு தடவை சொல்லிட்டோம், கேக்கலைன்னா நாம என்ன பண்றதுங்கிற சமாதானம். என் வெடிப்பு சரியாகி ஒரு வருஷம்கூட ஆகலை அப்ப. தெரிஞ்சிருந்தும் விட்டவன் நான்.

அதுக்குள்ள வேற சில மாற்றங்களும் வந்திருக்கு. போயிட்டு வந்தாலும் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரியே ஒரு உணர்ச்சி. மலம் ரிப்பன் மாதிரி மெல்லிசா. எடை குறைஞ்சு சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. தறியில மூச்சு வாங்குதுன்னு உட்கார ஆரம்பிச்சார். ஒரு நாள் நாடாவைப் போட்ட கை அப்படியே நிக்க, பெரியம்மா திரும்பிப் பார்த்தா சாஞ்சு கிடக்கார். ஹீமோகுளோபின் 7.

ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டர் ஒருத்தர், 'அய்யா, இடது பக்கமா திரும்பிப் படுத்து முழங்காலை மடக்கிக்கோங்க'ன்னு சொல்லி, கிளவுஸ் போட்டு, ஜெல் தடவி, விரலால பார்த்தார். ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது. அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன். விரல் எட்டற தூரத்துலயே கட்டி இருந்திருக்கு. பதினாலு மாசமா அங்கயேதான் இருந்திருக்கு, யாரும் தொட்டுப் பார்க்கலை.

அப்புறம் ஸ்கோப், சதை எடுத்து டெஸ்ட், எம்.ஆர்.ஐ. மலக்குடல் புத்துநோய். அஞ்சு வாரம் கரண்ட் வைத்தியம், கூடவே மாத்திரை, அப்புறம் பெரிய ஆபரேஷன். கட்டி ரொம்ப கீழ இருந்ததால ஆசனவாயை மூடிட்டு வயித்துல வழி பண்ணிப் பை வெச்சாங்க. பிழைச்சுட்டார், இன்னைக்கும் இருக்கார். குழியில இறங்கி மிதிக்க மட்டும் முடியறதில்லை. தறியைப் பிரிச்சாச்சு. குழியை மூடி சிமென்ட் பூசின இடம் மட்டும் தரையில வேற கலர்ல தெரியும். பெரியம்மா இப்ப வேற ஒரு வீட்டுல கோர்வைக்கு உட்கார்றாங்க.

இந்த ஊர்லயே பிறந்த அண்ணா 1969 பிப்ரவரியில புத்துநோய்ல போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் அவர் பேர்ல காரப்பேட்டையில அரசாங்கப் புத்துநோய் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. வெளியூர்லருந்தெல்லாம் ஜனங்க அதைத் தேடி வர்றாங்க. பிள்ளையார்பாளையத்துலருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான். பெரியப்பா பதினாலு மாசமா லேகிய டப்பாவோட இருந்தது அந்த தூரத்துலதான். என்னத்தைச் சொல்ல.

நாட்டு வைத்தியத்தைத் திட்டறேன்னு நினைச்சுக்காதீங்க. பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி இதையும் படிங்க. பவுத்திரத்துக்கு ஆயுர்வேதத்துல க்ஷாரசூத்திரம்னு ஒரு முறை இருக்கு. மருந்து ஏத்தின நூலை அந்த வழியில விட்டுக் கட்டி, வாராவாரம் மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா அறுத்து ஆறவைக்கிறது. இதை ஆபரேஷனோட ஒப்பிட்டு ஐ.சி.எம்.ஆர். பல ஊர்கள்ல சோதனை நடத்தி 1991ல முடிவை வெளியிட்டாங்க. ஆறுறதுக்கு நாள் அதிகம் ஆகுது, ஆனா திரும்ப வர்றது குறைவு. நூலுக்கு 4 சதவீதம், ஆபரேஷனுக்கு 11 சதவீதம். நெசவாளிங்க ஊர்ல நூலாலயே ஒரு வைத்தியம்! படிச்ச வைத்தியர் யாரா இருந்தாலும், எந்த முறையா இருந்தாலும், முதல்ல என்ன வியாதின்னு பார்த்துட்டுத்தான் கை வைப்பார். என் கோபம் பார்க்காமலே ஊசி போடறவன் மேல. பார்க்க வேண்டாம்னு நாமளே அவனுக்கு வசதி பண்ணிக் கொடுக்கிறோமே, அது மேல.

சட்டம்னு பார்த்தா, நம்ம மருந்து விதிகள்ல 'ஜே'ன்னு ஒரு அட்டவணை இருக்கு. எந்தெந்த வியாதியை எல்லாம் ஒரு மருந்து குணப்படுத்தும்னு சொல்லிக்கக் கூடாதுங்கிற பட்டியல். புத்துநோய், வழுக்கை இதெல்லாம் இருக்கிற அந்தப் பட்டியல்ல மூலமும் பவுத்திரமும் இருக்கு. நோட்டீஸ்காரங்க விவரமானவங்க. மருந்து பேரே போட மாட்டாங்க, 'சிகிச்சை'ம்பாங்க.

வெக்கம்னு பார்த்தா ஒரு ராஜா கதை ஞாபகம் வருது. பிரான்ஸ்ல 14ம் லூயிக்கு பவுத்திரம். 1686 நவம்பர் 18ம் தேதி ஃபெலிக்ஸ்ங்கிற சர்ஜன் அறுத்து சரி பண்ணினார். மயக்க மருந்தெல்லாம் கண்டுபிடிக்காத காலம். அதுக்கு முன்னாடி ஏழைபாழைங்க மேல அறுத்துப் பழகிக்கிட்டாராம், அது அந்தக் காலத்து அநியாயம். ராஜாவுக்குச் சரியானதும் அரண்மனையில சில பேர் எங்களுக்கும் அதே ஆபரேஷன் வேணும்னு கிளம்பினாங்களாம். ராஜாவோட பின்பக்கம் ஊருக்கே தெரிஞ்ச சமாச்சாரம். எங்க பெரியப்பாவோடது பெரியம்மாவுக்கே தெரியாது.

பொம்பளைங்க நிலைமை இதை விட மோசம். பிரசவத்துக்கு அப்புறம் வெடிப்பும் மூலமும் வர்றது ரொம்ப சகஜம். குழந்தையைப் பார்க்க வர்ற பத்துப் பேர் நடுவுல இதை யார்கிட்ட சொல்லுவாங்க? எங்க அக்கா ரெண்டு மாசம் கழிச்சு என்கிட்ட சொன்னா, அதுவும் எனக்கு வந்தது தெரிஞ்சதால. 'உனக்கும் வந்துச்சாமேடா'ன்னு ஆரம்பிச்சா. நான் இதை எழுதறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்கு என்ன கேட்டுச்சுன்னு கேப்பீங்க. வெதுவெதுப்பான தண்ணியை அகலமான டப்புல ஊத்தி, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் அதுல உட்கார்றது, நாளைக்கு ரெண்டு மூணு தரம், முக்கியமா வெளிக்கி போயிட்டு வந்ததும். இறுகின தசை அதுல தளரும். டெட்டால் ஊத்தக் கூடாது, எரியும். இசப்கோல், ஆனா நிறைய தண்ணியோட. தண்ணி இல்லாம அதை முழுங்கினா வேற கதை ஆயிடும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா. டாக்டர் எழுதிக் கொடுத்த டில்டியாஸம் களிம்பு, ஆறு வாரம். மாத்திரையா இதயத்துக்குக் கொடுக்கிற மருந்துதான், இங்க தசையைத் தளர்த்தறதுக்கு. மெடிக்கல்ல நான் முதல்ல வாங்கின டியூப்ல ஸ்டீராய்டு இருந்துச்சு. ஒரு வாரத்துக்கு மேல அதைத் தடவிக்கிட்டே இருந்தா தோல் மெலிஞ்சு போகும்னு டாக்டர் திட்டினார். களிம்பும் கேக்காம ஆறாத வெடிப்புக்குச் சின்ன ஆபரேஷன் இருக்கு. எனக்குத் தேவைப்படலை, சாமி புண்ணியம்.

போனைக் கக்கூஸுக்குள்ள கொண்டு போறதையும் விட்டுட்டேன். 2025ல அமெரிக்காவுல 125 பேரை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, உள்ள போன் பார்க்கிறவங்களுக்கு மூலம் இருக்க வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாம். 125 பேர்ங்கிறது சின்னக் கணக்குதான், இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நம்ம பதிவையெல்லாம் ஜனங்க எங்க உட்கார்ந்து படிக்கிறாங்கன்னு நினைச்சா கொஞ்சம் திகிலாத்தான் இருக்கு.

இப்படி வீட்டுலயே பார்த்துக்கலாம்ங்கிறது ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு வாரம். அதுக்கு மேல வலி நிக்கலைன்னா காட்டிடணும். ரத்தம்னா, வலி இல்லாத ரத்தம்னா, வயசு நாப்பதைத் தாண்டினவங்க ஒரு வாரம்கூட வெச்சுக்க வேண்டாம். கக்கூஸ் போற பழக்கம் மாறினாலோ, எடை குறைஞ்சாலோ, சோகை தட்டினாலோ, மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ வயசே பார்க்க வேண்டாம். ஜுரத்தோட வலின்னா, வலியில மூத்திரமும் அடைச்சுக்கிச்சுன்னா, அன்னைக்கே. ஏற்கெனவே மூலம்னு டாக்டரே சொல்லியிருந்தாலும் இதெல்லாம் பொருந்தும். மூலம் இருக்கிறவனுக்குப் புத்துநோய் வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

கடைசியா ஒரு நடைமுறைச் சிக்கல். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போடற இடத்துல, பின்னாடி முப்பது பேர் நிக்கும்போது, 'என்னா உடம்புக்கு?'ன்னு சத்தமா கேப்பாங்க. சின்ன ஊர்ல அந்த முப்பதுல மூணு பேராவது நமக்குத் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. பெரியப்பா ஒரு தடவை அந்த வரிசை வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வந்திருக்கார்னு அப்புறமா சொன்னார். அந்த இடத்துல 'சர்ஜரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சீட்டு கிடைச்சுடும். மிச்சத்தை உள்ள போயி, கதவைச் சாத்தின அப்புறம் சொல்லிக்கலாம். விரல் வெச்சுப் பார்க்காம மாத்திரை எழுதினார்னா, 'பார்த்துடுங்க டாக்டர்'னு நீங்களே கேளுங்க. பொம்பளை டாக்டர் வேணும்னாலும், கூட ஒரு ஆள் நிக்கணும்னாலும் கேக்கலாம், தப்பே இல்லை.

இதைப் போடறதுக்கு முன்னாடி பெரியப்பாகிட்ட கேட்டேன், உங்களைப் பத்தி எழுதவான்னு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். 'பேரு மட்டும் போடாத'ன்னார். போடலை.